தங்கவேலு முதலியாரின் யானைத் துப்பாக்கி

பெட்டிக்குள் ஓர் எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது.

1927-ஆம் வருஷம், அக்டோபர் மாதம், மதியம் மூன்று மணி. ரங்கூன் லான்மடாவில் ரஹ்மத்துல்லா ராவுத்தரின் துப்பாக்கிக் கடை. பச்சை வெல்வெட் தைத்த தோல் பெட்டியில், சந்தனமும் குங்குமமும் இட்டு, மல்லிகைச் சரம் சுற்றி, கற்பூரம் காட்டிப் படுக்க வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காணோம். திருஷ்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம், தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல மூலைக்கு உருண்டு போய் நின்றது.

"ஐயோ, போச்சே!" என்று அலறினார் தங்கவேலு முதலியார்.

அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக வந்து, கண்டிராக்டராகி, இந்த மூன்று வாரமாக வேட்டைக்காரராகவும் இருந்தார். கடைசித் தொழிலில் அவர் கையால் இதுவரை ஒரு கொசு செத்ததற்குக்கூடச் சாட்சி இல்லை. ஆனால் உடுப்பில் குறை சொல்ல முடியாது. காக்கிச் சட்டை, காக்கி நிஜார், மார்பில் தோட்டா செருகும் வார், மேஜைமேல் வெள்ளைக்காரர் போடும் பெரிய தொப்பி. பூஜைக்காகப் பூட்ஸைக் கழற்றியவர், வீங்கின பாதம் திரும்ப உள்ளே நுழைய மறுத்ததால் வெறுங்காலோடு நின்றார்.

அவருடைய மனைவி சொர்ணம்மாள் மதில் சூழ்ந்த கொல்லைக் குழாயில் பூஜைத் தட்டைக் கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தாள். ஈரத் தட்டோடு அப்படியே நின்றாள்.

 ராவுத்தர் நேரே வாசலுக்குப் போய் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் போட்டுக்கொண்டார். பிறகு டெலிபோனைச் சுழற்றினார்.

"யாரும் கோவிச்சுக்கக் கூடாது," என்றார் திரும்பி. "ஒரு தோட்டா குறைஞ்சாலே என் லைசென்சு போயிடும். இது யானைத் துப்பாக்கி. போலீஸ் வர்ற வரைக்கும் இங்கேயிருந்து ஈகூட வெளியே போகாது."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றில் கடல் ஏற்றம் வேறு. தெருத் தண்ணீர் வடிய வழியில்லாமல் படியேறிக்கொண்டிருந்தது. உள்ளே கற்பூரப் புகை, துப்பாக்கி எண்ணெய் வாடை, மேலே பரணில் கம்பி போட்ட ஒற்றை ஜன்னல். கடை விற்பனைக்காரரையும் முதலியாரின் கையாளையும் சேர்த்து ஐந்து பேர் விடும் மூச்சையே ஐந்து பேரும் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்தபடி சுவரோரமாக, பலகைமேல் பதுங்கின வாக்கில், பாடம் செய்த புலி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கடையில் பயமில்லாமல் இருந்த ஜீவன் அது ஒன்றுதான்.

சப் இன்ஸ்பெக்டர் ஊ பா சோ முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். கதவு அவருக்காகத் திறந்து, அவருக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டது. பர்மாக்காரர், ஆனால் லான்மடாவ் தெருவில் துறைமுகக் கூலிகளின் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றவர். அந்தத் தமிழில் மரியாதைச் சொற்கள் மட்டும் கொஞ்சம் கம்மி.

"முதல்லேருந்து சொல்லு," என்றார், பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டியபடி. "எதுக்கு இவ்வளவு பெரிய துப்பாக்கி?"

அது சொர்ணம்மாளுக்கு மனப்பாடம். துறைமுகத் துரை பெகு மலைக்காட்டுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிறார். முன்பு ஒரு விருந்தில், "நீயும் சுடுவாயா?" என்று முதலியாரைக் கேட்டிருக்கிறார். சோடாவைத் தவிர ஒன்றும் குடிக்காத முதலியார், அந்தச் சோடா ஏறிய வேகத்திலோ என்னவோ, தஞ்சாவூர்க் காடுகளில் தாம் வேட்டையாடின கதையைச் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூரில் ஏது காடு என்று துரைக்குத் தெரியாது. வேட்டைக்குக் கூடவே வரச் சொல்லிவிட்டார். போன வருஷம் இதேபோல் வந்த அழைப்புக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இந்த வருஷமும் வந்தால் துரை டாக்டரைக் கூட்டிக்கொண்டே வந்துவிடுவார்.

அதனால் துப்பாக்கி வாங்க வந்தார். கடையின் விற்பனைக்காரர் அப்துல் பாரி மூன்றை எடுத்து வைத்தார். குழல் வாயின் அளவுதான் ஒவ்வொன்றுக்கும் பெயர். "முந்நூற்று எழுபத்தஞ்சு போதும் முதலாளி. லேசானது. உதைக்காது. உங்க கை நீளத்துக்குச் சரியா நிக்கும். எருமையானாலும் இடம் பார்த்துச் சுட்டா ஒண்ணே போதும்."

"துரை கையில இருக்கறது எது?"

"நானூற்று எழுபது."

"அதுக்கு மேல?"

"ஐந்நூற்று எழுபத்தேழு. அது யானைக்கு. அதைத் தூக்கிட்டு நடக்கவே தனி ஆள் வேணும். தோள் வலுவில்லாட்டி..."

"அதைக் கொடு," என்றார் முதலியார். துப்பாக்கி மிருகத்தின் அளவுக்கு வேண்டும் என்று பாரி நினைத்தார். பக்கத்து நாற்காலித் துரையின் அளவுக்கு வேண்டும் என்று முதலியார் நினைத்தார்.

"நேத்து மிங்கலாடோன் மைதானத்துல ஐயா சுட்டுப் பார்த்தாங்க," என்று இடையில் புகுந்தார் செல்லக்கண்ணு. முதலியார் பேசி முடிக்கும் வாக்கியங்களுக்கு "ஆமாம்" போடுவது அவர் உத்தியோகம். "ஒரே வெடி! மைதானமே அதிர்ந்தது!"

"குறி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

செல்லக்கண்ணு மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கழற்றி மாட்டறதை முதலாளி நல்லாக் கத்துக்கிட்டாங்க," என்றார் பாரி, வாடிக்கையாளரை விட்டுக்கொடுக்காமல். "குழல் தனி, கட்டை தனி, கைப்பிடி தனி. ஒரு தடவைதான் காட்டினேன்."

விசாரணை தொடங்கியது.

"பூஜை முடிஞ்சதும் யார் எங்கே?"

"மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. என் அறையில இருந்தேன்," என்றார் ராவுத்தர்.

"உன் கடையில கற்பூரம் கொளுத்தினா உனக்குப் பரவாயில்லையா?"

"வியாபாரத்துல எல்லா சாமியும் வாடிக்கைதான்."

"நீ?"

"தோட்டா எடுக்கப் பரண்மேல போனேன்," என்றார் பாரி.

"சட்டைக் கை ஏன் ஈரம்?"

"பரண் ஜன்னல் திறந்து கிடந்தது. சாரல் அடிச்சுது. இழுத்துச் சாத்தினேன்."

"ஜன்னலுக்குக் கம்பி?"

பாரி பரணை ஏறிட்டுப் பார்த்தார். "ஒண்ணு... பெயர்ந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் தலையை மெல்ல ஆட்டினார். "நீ?"

"நான் வாசல்லயே நின்னு லாஞ்சாக்காரனைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்," என்றார் செல்லக்கண்ணு. "இந்தத் தண்ணியில எந்த ரிக்ஷா வரும்? ஆனா என்னைத் தாண்டி ஒருத்தரும் வெளியே போகலை. சத்தியம்."

"நீங்க?"

"இந்த நாற்காலியில உட்கார்ந்தேன். பெட்டி பக்கத்துலதான். கண்ணு சொருகிடுச்சு," என்றார் முதலியார். "உண்ட மயக்கம்."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பணம் கொடுத்து, பூஜை போட்டு வாங்கின சொந்தத் துப்பாக்கியை எவன் திருடுவான்?

"துப்பாக்கி எப்படி இருக்கும்?"

முதலியாருக்கு முகம் மலர்ந்தது. துக்கத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். போன வாரம் இதே கடையில் எடுத்தது. கையில் அந்தத் துப்பாக்கி, ஒரு கால் பூட்ஸ் புலியின் தலைமேல், பார்வை தூரத்தில். துரைக்கு ஒன்று, கோயில் தர்மகர்த்தாவுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று என்று பிரதிகள் போயிருந்தன. புலி எப்போது செத்தது என்று போட்டோவில் தெரியவில்லை.

சோதனை நடந்தது. அலமாரிகள், பரண், ராவுத்தரின் அறை, மேஜைக்கு அடி, ராத்திரி ரயிலுக்காக முதலியார் கட்டிவந்த படுக்கை மூட்டை, எல்லாம் குடைந்தாயிற்று. புலியின் வாய்க்குள்கூட இன்ஸ்பெக்டர் கையை விட்டுப் பார்த்தார். நாக்கு சுண்ணாம்புச் சாந்து. அதற்குப் பின்னால் சுவர்போல் அடைத்திருந்தது.

நேரம் போகப் போகக் கடை சுருங்கிக்கொண்டே வந்தது. முதலியார் உலாத்தினார். கண்ணாடி அலமாரியில் முழங்கை இடித்தது, "சே!" என்றார். செல்லக்கண்ணுவின் காலை மிதித்தார், "கண்ணு தெரியலையா?" என்று அவரையே திட்டினார். புலியின் விலாவில் கால்விரல் பட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அப்போது கடைப் பூனை ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு மேஜைமேல் ஏறியது. இங்கும் அங்கும் பார்த்தது. முதலியாரின் தொப்பிக்குள் குட்டியை இறக்கிவிட்டு, மறுபடி கீழே குதித்துப் போனது.

"ஏய்! சீ! என் தொப்பி!"

"அட, குட்டி போட்டிருக்கா!" என்று அந்த நிலையிலும் வியந்தார் பாரி. "ஒரு வாரமா வயிறு சுருங்கித் திரியுது. எங்கே போட்டிருக்குன்னு கடை பூராத் தேடினேன், தெரியலை."

ராவுத்தர் தொண்டையைக் கனைத்தார். "முதலியார், ராத்திரி ஏழு மணிக்கு வண்டி. துரை ஸ்டேஷன்ல காத்திருப்பார். உங்களுக்கு ஏன் நஷ்டம்? அந்த முந்நூற்று எழுபத்தஞ்சை எடுத்துக்கிட்டுப் போங்க. கடைக் கணக்கு, இரவல்."

"முடியாது!" என்றார் முதலியார். பதில் கேள்விக்கு முன்னாலேயே தயாராக இருந்ததுபோல் வந்தது. "பூஜை போட்ட ஆயுதம் தொலைஞ்சிருக்கு. அபசகுனம். இனிமே நான் காட்டுல கால் வைக்க மாட்டேன். துரைகிட்ட நீங்களே டெலிபோன்ல சொல்லிடுங்க. நான் எவ்வளவு வருத்தப்பட்டேன்னும் சொல்லுங்க."

சொர்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் பரணிலிருந்து இறங்கி வந்தார். "கம்பி பெயர்ந்த ஜன்னல். கீழே சந்து. ஒரு கயிறு போதும். மேல்காட்டுக் கொள்ளைக்காரன் இந்த மாதிரித் துப்பாக்கிக்கு எதையும் கொடுப்பான். பாரி, கிளம்பு."

"சார், நான் இல்லை! அல்லா சாட்சி!"

"சாட்சியை ஸ்டேஷன்ல சொல்லு. கூட்டாளி யாருன்னும் சொல்லு."

"சார், என் சம்சாரம் போன கப்பல்லதான் நாகூர்லேருந்து வந்தா. இந்த ஊர்ல என்னைத் தவிர அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. பாஷை தெரியாது. நான் வராட்டி யாரைப் போய்க் கேப்பா?"

விலங்கு ஒரு கையில் மாட்டியது. பாரி கடையைச் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகத் துடைத்து வைத்த துப்பாக்கிகள் எல்லாம் வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பதா, அந்தப் பக்கம் போவதா, எது மோசம் என்று அவருக்கே தெரியவில்லை.

சொர்ணம்மாள் புருஷன் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"என்னங்க. அந்த ஆளைக் கூட்டிட்டுப் போறாங்க."

"அதுக்கு?"

"ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் என்ன சொல்றது? தப்புப் பண்ணலேன்னா ரெண்டு நாள் வெச்சிருந்து விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்களா?"

முதலியார் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் சொர்ணம்மாள் அவருடைய புளுகுகள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். எல்லாம் மழைபோல் வந்து போகும், யாருக்கும் சேதமில்லை. முதல் தடவையாக ஒன்று வேறொருவர் கையில் விலங்காக மாட்டியிருந்தது. அதன் மறு சாவி தன்னிடம் இருப்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் ரங்கூன் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் அவளும்தான் குடியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால், நாகூர்க்காரி ஒருத்தி கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தட்டை மேஜைமேல் வைத்தாள். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"ஊ பா சோ ஐயா, கொஞ்சம் நில்லுங்க. அந்தப் போட்டோவைக் கொடுங்க."

கொடுத்தார்.

"இதுல என் வீட்டுக்காரர் கால் எங்கே இருக்கு?"

"புலித் தலைமேல."

"பூட்ஸோட. போட்டோ பிடிச்சப்ப நானும் இங்கேதான் நின்னேன். நல்லா அழுத்தித்தான் வெச்சார். எடுத்தப்புறம் புலியைத் தொட்டுக் கும்பிட்டாரா? இல்லை. பூட்ஸைத் துடைச்சுக்கிட்டார்."

"சொர்ணம்!" என்றார் முதலியார்.

"இப்போ, கொஞ்சம் முன்னாடி, உலாத்தறப்ப அதே புலிமேல கால் விரல் பட்டது. என்ன செஞ்சார்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "தொட்டுக் கண்ணில வெச்சார். உங்க ஆளுங்க எதுக்கெடுத்தாலும் அப்படித்தானே செய்வாங்க."

"எதுக்கெடுத்தாலும் இல்லை. செல்லக்கண்ணு காலை மிதிச்சப்ப செஞ்சாரா? கால் படக் கூடாத பொருள்மேல பட்டாத்தான் செய்வோம். புஸ்தகம், அரிசி, பூஜை போட்ட ஆயுதம். யோசிச்சுச் செய்யறதில்லை, கை தானாப் போகும். போன வாரம் செருப்புக் காலை வெச்ச புலி, இன்னிக்குத் திடீர்னு எப்படிச் சாமியாச்சு? அது வயித்துக்குள்ள சாமி போயிருக்கணும்."

 தொப்பிக்குள் குட்டி கத்தியது.

"வாய் அடைச்சிருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூனையைக் கேளுங்க. குட்டி போட்ட இடத்தைப் பூனை சும்மா மாத்தாது. யாராவது கையை விட்டுக் கலைச்சாத்தான் கவ்விக்கிட்டு அலையும். கடை பூராத் தேடியும் பாரிக்குத் தெரியாத இடம் எது? சுவரைப் பார்த்த பக்கம். புலியைத் திருப்புங்க."

ராவுத்தரும் செல்லக்கண்ணுவும் பலகையோடு புலியைத் திருப்பினார்கள். சுவர்ப் பக்க விலாவில், மழை ஈரத்தில் இற்றுப்போன தையல் ஒரு முழத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கையை விட்டார். வைக்கோல் வந்தது. கண் திறக்காத இன்னொரு குட்டி வந்தது. அப்புறம் குங்குமப் பொட்டோடு குழல், கட்டை, கைப்பிடி என்று மூன்று துண்டும் வந்தன. கடைசியாக, நசுங்கின மல்லிகைச் சரம்.

"நான் தூங்கறப்ப யாரோ..." என்று தொடங்கினார் முதலியார்.

"யாரோ ஒளிச்சிருந்தா உங்களுக்குத் தெரியாதே. தெரியாட்டி கை போயிருக்காதே," என்றாள் சொர்ணம்மாள். "சார், துப்பாக்கியை எடுத்தது என் வீட்டுக்காரர்தான். வேற யாரும் இல்லை."

"சொந்தத் துப்பாக்கியை ஏம்மா?"

"நேத்து அவர் போட்டிருந்த சட்டையில வலது தோள்ல மஞ்சள் சுண்ணாம்புக் கறை. வீங்கினாத்தான் அந்தப் பத்துப் போடுவாங்க. செல்லக்கண்ணு, யார் போட்டது?"

செல்லக்கண்ணு வழக்கம்போல் முதலியாரைப் பார்த்தார். பிறகு விலங்கைப் பார்த்தார். "நான்தாங்க," என்றார். "ஒரே வெடி. ஐயா பின்னால பத்தடி போய் விழுந்தாங்க. 'இதை வெச்சுக்கிட்டு எருமை முன்னாடி நிக்கறதா?'ன்னு வழியெல்லாம் அழுதாங்க."

"காய்ச்சல் போன வருஷமே செலவாயிடுச்சு," என்றாள் சொர்ணம்மாள். "துப்பாக்கி தொலைஞ்சா மானமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும். ராவுத்தர் இரவல் கொடுத்தப்பவும் ஒட்டலை. துப்பாக்கி வேணும்னு இருந்தா வாங்கியிருப்பார். வேட்டை வேண்டாம்னுதான் இருந்தார்."

முதலியார் நாற்காலியில் உட்கார்ந்தார். தோட்டா வார் வயிற்றில் மடங்கியது. "பூனை அந்தப் பக்கத்திலேருந்து வெளியே வந்துச்சு," என்றார், யாருக்கும் இல்லாமல். "ஓட்டை தெரிஞ்சுது. கழற்றத்தான் எனக்குத் தெரியுமே... நான் யாரையும் மாட்டிவிட நினைக்கலை."

"நினைக்கலை. மாட்டினதும் விட்டுட்டீங்க," என்றாள் சொர்ணம்மாள்.

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார். பாரி கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, புலியின் விலாவைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சொந்தச் சாமானை ஒளிச்சு வெச்சா குத்தமில்லை," என்றார் ஊ பா சோ. "திருட்டுப் போச்சுன்னு போலீஸ்காரன்கிட்டப் பொய் சொன்னா குத்தம். நான் இந்தத் தண்ணியில நடந்து வந்தேன். சும்மா போக மாட்டேன். ரெண்டு வழி. ஒண்ணு, என்னோட ஸ்டேஷனுக்கு வா. இல்லாட்டி, துப்பாக்கி இடம் மாறிக் கிடந்துச்சு, கிடைச்சதும் முதலியார் சந்தோஷமா வேட்டைக்குப் போயிட்டார். போயிட்டார்னா, போகணும். ஸ்டேஷன் வரைக்கும் நானே வந்து வண்டி ஏத்துவேன். எந்த ஸ்டேஷன், நீயே சொல்லு."

முதலியார் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எட்டு வயசுப் பையன் ஒருவன் இருந்தான்.

"சொர்ணம், காட்டெருமை..."

"முதல்ல பாரிகிட்ட மன்னிப்புக் கேளுங்க. ஒண்ணும் அறியாத ஆளை ஜெயிலுக்கு அனுப்பத் துணிஞ்சவருக்குக் காட்டெருமை என்ன பெரிசு?"

கேட்டார். பாதி வார்த்தை காக்கிச் சட்டைக் காலருக்குள்ளேயே போய்விட்டது. கேட்டதாகப் பாரி பெரிய மனசு பண்ணி எடுத்துக்கொண்டார். பழக்கத்தில், துப்பாக்கியைத் துடைத்து மாட்டி நீட்டவும் செய்தார். "தோளோட நல்லா ஒட்டிப் பிடிங்க முதலாளி," என்றார். "இடைவெளி விட்டாத்தான் உதைக்கும்."

ராவுத்தர் இரும்புக் கதவைத் திறந்தார். ஈரக் காற்று குப்பென்று உள்ளே வந்தது. பாரி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் வீட்டைப் பார்க்கத் தண்ணீரில் இறங்கி ஓடினார். செல்லக்கண்ணு வெளியே போய் மூச்சு விட்டார். பூனை இரண்டாவது குட்டியையும் கொண்டுவந்து தொப்பிக்குள் இறக்கியது.

"என் தொப்பி," என்றார் முதலியார்.

"விடுங்க. பாவம், அதுக்கு வீடு போச்சு," என்றாள் சொர்ணம்மாள், பூட்ஸை எடுத்து அவர் காலடியில் வைத்தபடி.

கதவு விரியத் திறந்து கிடந்தது, ரயிலுக்குக் கூட்டிப் போக ஊ பா சோ அதன் பக்கத்தில் காத்து நின்றார். மடியில் யானைத் துப்பாக்கியோடு முதலியார் நாற்காலியிலேயே இருந்தார். பாரியும் செல்லக்கண்ணுவும் சுலபமாகப் போன அந்த வாசல் வழியாக, அவருக்கு மட்டும் வெளியே போக வழி தெரியவில்லை.